வேலி ஏன் தினமும் பயிரை மேய்வதில்லை

அக்காவுக்கு முடக்குவாதம் என்று உறுதியாகி மூன்று வருஷம் ஆகப்போகிறது. மருத்துவர் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதியிருந்தார். வீட்டில் நாங்கள் இன்னும் மூட்டுவலி என்றுதான் சொல்கிறோம். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும், வயதானால் தேய்ந்து வருகிற மூட்டுவலி வேறு, இது வேறு. அக்காவுக்கு அப்போது 38 வயது. பதினெட்டு வருஷமாக வீட்டு வாசலில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். முதலில் காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லை, வெந்நீரில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அப்புறம் கொக்கி வைக்க முடியவில்லை. அப்புறம் ஊசியில் நூல் கோர்க்கவே என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஓயாமல் மெஷின் மிதிக்கிறாய், கால்சியம் குறைவு, வேலையைக் குறை என்று ஒரு இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி எட்டு மாதம் போய்விட்டது. ஒரு வழியாக மூட்டுநோய் மருத்துவரிடம் போனபோது இரண்டு கை விரல்களும், மணிக்கட்டும், ஒரு முழங்காலும் வீங்கியிருந்தன. ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு எகிறியிருந்தது.

அந்த மருத்துவர் நல்ல மனிதர், நேரம் எடுத்துப் புரியவைத்தார். "உங்க உடம்புல நோயை எதிர்க்கிற அணுக்கள் இருக்கில்லம்மா, அது உங்க மூட்டையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. வேலியே பயிரை மேயிற மாதிரி." அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் என்னிடம் கேட்டாள். "சொந்த உடம்பே என்னை ஏன்டி அடிக்குது? நான் அதுக்கு என்ன பண்ணேன்?"

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறவள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வெள்ளையணுக்கள் உடலின் படைவீரர்கள் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அந்தப் படை ஏன் ஊர்க்காரனையே சுடுகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அதன் பிறகு தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஷிமோன் சகாகுச்சி என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 2025 அக்டோபர் 6 அன்று அவருக்கும், அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் சேர்த்து, உடம்பு தன்னையே தாக்காமல் எது தடுக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக மருத்துவ நோபல் பரிசு அறிவித்தபோது எனக்கு என் சொந்தக்காரர் யாருக்கோ கிடைத்தது போல இருந்தது. செய்திகளில் இரண்டு பத்தி வந்தது, மறுநாள் வேறு செய்தி. அந்த இரண்டு பத்தியில் அடங்குகிற கதை இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

சகாகுச்சி 1951இல் ஜப்பானில் பிவா ஏரிக் கரையிலுள்ள நாகஹாமா என்ற ஊரில் பிறந்தவர். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1976இல் பட்டம் வாங்கினார். அங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர் அதை நடுவில் விட்டுவிட்டு, நகோயாவில் இருக்கும் ஐச்சி புற்றுநோய் மையத்தின் ஆய்வகத்துக்குப் போனார். காரணம் அங்கே செய்யப்பட்ட ஒரு எலிப் பரிசோதனை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், கதையின் வேரே அதுதான்.

நம் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. குழந்தையில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். டி செல் என்று நாம் சொல்கிற அணுக்கள் அங்கேதான் பக்குவமாகின்றன, தைமஸின் முதல் எழுத்துதான் அந்த டி. ஒவ்வொரு டி செல்லும் மேலே ஒரு கொக்கியோடு வருகிறது, அந்தக் கொக்கியின் வடிவம் ஏறத்தாழக் குலுக்கல் முறையில் அமைவது. எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியாதல்லவா, அதனால் எல்லா வடிவத்திலும் செய்து வைக்கிறது. அப்படிச் செய்தால் நம் சொந்தத் திசுவில் மாட்டுகிற கொக்கியும் வந்துதான் தீரும். அவற்றைத் தைமஸ் கண்டுபிடித்து அங்கேயே அழித்துவிடுகிறது. தேறியது மட்டும் வெளியே வரும். இதுதான் பாடம், இவ்வளவுதான் நானும் சொல்லிக்கொடுத்தேன்.

1969இல் ஐச்சி மையத்தைச் சேர்ந்த நிஷிசுகா, சகாகுரா என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறந்து மூன்றாம் நாள் பெண் எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டால், அவை வளர்ந்ததும் சூலகம் சிதைந்து காணாமல் போகிறது. ஏழாம் நாள் எடுத்தால் அப்படி ஆவதில்லை. அவர்கள் இதை முதலில் நோயெதிர்ப்புக் கோளாறாகப் பார்க்கவில்லை, கட்டுரையின் தலைப்பே தைமஸையும் இனப்பெருக்கத்தையும் இணைத்துத்தான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த எலிகளின் சூலகத்தைத் தாக்கி அழித்தவை அவற்றின் சொந்த டி செல்களே. சில எலி இனங்களில் சூலகத்துக்குப் பதிலாக இரைப்பையும் தைராய்டும் அடிபட்டன.

இதை ஒரு நிமிஷம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். டி செல்லைத் தயார் செய்கிற உறுப்பையே எடுத்தாகிவிட்டது. படை குறைந்திருக்க வேண்டும், தாக்குதலும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் கூடியிருக்கிறது. அப்படியானால் தைமஸிலிருந்து தாக்குகிற அணுக்கள் மட்டும் வரவில்லை, தாக்காதே என்று பிடித்து வைக்கிற அணுக்களும் வருகின்றன. தாக்குகிறவை முதல் இரண்டு மூன்று நாளிலேயே கிளம்பிவிடுகின்றன. பிடித்து வைப்பவை சற்றுத் தாமதமாக வருகின்றன. மூன்றாம் நாள் கதவைச் சாத்தினால் முதல் கூட்டம் வெளியே, இரண்டாம் கூட்டம் உள்ளே.

இந்தப் பரிசோதனையை எப்படிச் செய்வார்கள் என்று படித்தபோது கை கூசியது. மூன்று நாள் எலிக்குஞ்சு இரண்டு கிராம் அளவுதான் இருக்கும், முடி கூட முளைத்திருக்காது. அதைக் குளிரில் வைத்து மயங்கச் செய்து, நெஞ்சில் சின்னதாகத் திறந்து, மெல்லிய குழாயால் தைமஸை உறிஞ்சி எடுத்துவிட்டு, தைத்து, சூடேற்றித் தாயிடம் விட வேண்டும். தாய் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஊசி நூலோடு வாழ்கிற அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அவ்வளவு சின்னதுல எப்படிடி தையல் போட்டாங்க" என்றுதான் முதலில் கேட்டாள்.

சகாகுச்சி அங்கே போய் எளிமையான ஒன்றைச் செய்தார். தைமஸ் எடுக்கப்பட்ட குஞ்சுகளுக்கு, அதே இனத்தின் ஆரோக்கியமான வளர்ந்த எலியிலிருந்து டி செல்களை எடுத்துச் செலுத்தினார். சூலகம் தப்பித்தது. 1982இல் இது வெளிவந்தது. அப்படியென்றால் ஆரோக்கியமான எலியின் ரத்தத்தில் நோயைத் தடுத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கூட்டம் இப்போதும் நடமாடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கூட்டம், அதற்கு என்ன அடையாளம்? இந்த ஒரு கேள்விக்கு அவருக்குப் பதிமூன்று வருஷம் பிடித்தது.

எனக்கு மிகவும் நெருக்கமாக இருப்பது அந்தப் பதிமூன்று வருஷம்தான். அது அறிவியலில் ஒரு கெட்ட காலம், குறிப்பாக இந்தக் கேள்விக்கு.

1970இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கெர்ஷன், கோண்டோ இருவரும் நோயெதிர்ப்பை அடக்குகிற டி செல்கள் இருக்கலாம் என்று காட்டியிருந்தார்கள். சப்ரஸர் செல் என்று பெயர் விழுந்தது, அந்தப் பத்து வருஷமும் எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடினார்கள். அது சுரக்கும் காரணி, அந்தக் காரணியைத் தூண்டும் இன்னொரு செல், அதைத் தூண்டும் வேறொன்று என்று கட்டுரைக்கு மேல் கட்டுரை வந்து, படம் சிலந்திவலை மாதிரி ஆகிவிட்டது. இந்தச் செல்லுக்கு அடையாளமாக ஐ-ஜே என்று ஒரு மூலக்கூறைச் சொல்லி, அதன் மரபணு எலியின் குரோமோசோமில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று குறித்தும் வைத்திருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் மரபணுவைப் பிரித்துப் படிக்கும் நுட்பம் வந்தது. அந்த இடத்தைத் திறந்து பார்த்தார்கள். அங்கே அப்படியொரு மரபணுவே இல்லை.

மொத்தத் துறையும் சரிந்தது. சப்ரஸர் என்ற சொல்லை வாயில் எடுக்கவே ஆட்கள் தயங்கினார்கள், அந்தச் சொல்லோடு நிதி கேட்டுப் போனால் கிடைக்காது, மாணவர்கள் சேர மாட்டார்கள். நியாயமான கோபம்தான் அது, தவறான முடிவுகள் மேல் மாடி கட்டியிருந்தார்கள். ஆனால் குளிப்பாட்டிய தண்ணீரோடு பிள்ளையையும் கொட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் எலிக்குஞ்சு பொய் சொல்லவில்லை. ஐ-ஜே இருந்தாலும் இல்லாவிட்டாலும், தைமஸை எடுத்தால் சூலகம் போகிறது, டி செல்லைத் திருப்பிக் கொடுத்தால் பிழைக்கிறது. அதை யார் செய்தாலும் அப்படித்தான் வரும்.

சகாகுச்சி அந்தக் குஞ்சை விடவில்லை. 1983இல் கியோட்டோவில் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு அமெரிக்கா போனார், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியாவில் இன்னும் சில இடங்கள் என்று மாறி மாறி வேலை பார்த்தார். உடன் அவர் மனைவி நொரிக்கோ சகாகுச்சியும் போனார். நொரிக்கோ தோல் மருத்துவம் படித்தவர், வெறும் துணையாகப் போனவர் இல்லை, பரிசோதனை மேசையில் கூடவே நின்று வேலை செய்தவர். முக்கியமான கட்டுரைகளில் அவர் பெயரும் இருக்கிறது. நோபல் செய்திகளில் இதை ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

1985இல் சகாகுச்சி ஒரு படி முன்னேறினார். இந்த முறை தைமஸை எடுக்கவில்லை. ஆரோக்கியமான எலியின் டி செல்களிலிருந்து, மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் அதிகமாக உள்ளவற்றை நீக்கிவிட்டு, மீதியை டி செல்லே இல்லாத எலிக்குச் செலுத்தினார். அந்த எலிக்குப் பல உறுப்புகளில் தன்னைத்தானே தாக்கும் நோய் வந்தது. யோசித்தால் நடுங்க வைக்கிற முடிவு இது. செலுத்தியவை நோயாளி எலியின் அணுக்கள் இல்லை, நல்ல ஆரோக்கியமான எலியின் அணுக்கள். அதாவது தாக்கக்கூடிய அணுக்கள் ஆரோக்கியமானவர்களிடமும் இருக்கின்றன. எனக்குள்ளும் இருக்கின்றன, உங்களுக்குள்ளும். தைமஸின் சோதனையில் தப்பி வெளியே வந்தவை. அவை சும்மா இருப்பதற்குக் காரணம், யாரோ சும்மா இருக்க வைத்திருப்பதுதான்.

இந்த இடத்தில்தான் அக்காவின் கேள்வி எனக்குத் தலைகீழாகத் திரும்பியது. வேலி ஏன் பயிரை மேய்ந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். வேலி எல்லா வீட்டிலும் பயிருக்குப் பக்கத்திலேயே பசியோடுதான் நிற்கிறது. அது மற்ற நாளெல்லாம் ஏன் மேயவில்லை என்பதுதான் கேள்வி.

அடையாளம் 1995இல் கிடைத்தது. ஆய்வாளர்கள் சி.டி.4 என்று எண் கொடுத்திருக்கும் டி செல்களில், பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானவற்றின் மேல் சி.டி.25 என்ற இன்னொரு புரதம் இருக்கும். அந்தச் சிறு பங்கை மட்டும் நீக்கிவிட்டு மீதியைச் செலுத்தினால் எலிக்குத் தைராய்டு, இரைப்பை, கணையம், உமிழ்நீர்ச் சுரப்பி, சூலகம், சிறுநீரகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அழற்சி வந்தது. அந்தப் பட்டியலின் கடைசியில் பல மூட்டுகளில் அழற்சி என்றும் இருக்கிறது. நான் அந்த வரியில் வெகுநேரம் நின்றேன். நீக்கிய சி.டி.25 செல்களைத் திருப்பிச் செலுத்தினால் இவை எதுவும் வரவில்லை.

அப்படியும் உடனே யாரும் கைதட்டிவிடவில்லை. சப்ரஸர் காலத்துச் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. அதோடு, சி.டி.25 என்பது சண்டைக்குக் கிளம்பிய எந்த டி செல் மேலும் வரக்கூடியது, அதை வைத்து எப்படி அமைதிக்கார அணு என்று நம்புவது? நியாயமான சந்தேகம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஈத்தன் ஷெவாக் என்ற ஆய்வாளர் இருந்தார், சப்ரஸர் கதைகளைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர். அவர் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. திட்டிவிட்டுப் போகாமல் தன் ஆய்வகத்தில் அதே பரிசோதனையைச் செய்து பார்த்தார். அப்படியே வந்தது. 1998இல் அவரும் தார்ன்டனும், இந்தச் செல்களைத் தட்டில் மற்ற டி செல்களோடு சேர்த்து வளர்த்தால் மற்றவை பெருகுவது அடங்குகிறது என்று காட்டினார்கள். நம்பாதவரே செய்து பார்த்துச் சொன்னதற்குத் தனி எடை இருக்கிறது.

மற்ற இருவரின் கதையையும் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1949இல் ஒரு எலிக் கூட்டத்தில் செதில் செதிலாகத் தோல் உரியும் ஆண் குஞ்சுகள் பிறந்தன. மண்ணீரலும் நிணநீர்க் கட்டிகளும் பெருத்து, சில வாரங்களிலேயே செத்துவிடும். ஸ்கர்ஃபி என்று பெயர். நாற்பது ஐம்பது வருஷம் கழித்து, வாஷிங்டன் மாநிலத்தில் பாத்தெல் என்ற ஊரிலிருந்த ஒரு சின்ன மருந்து நிறுவனத்தில் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்த எலியின் குறை எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள். எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். அதில் 5 லட்சம் எழுத்துகள் அளவுக்கு வட்டத்தைச் சுருக்கினார்கள், அதற்குள் இருபது மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, இருபதாவதில்தான் குறை கிடைத்தது. ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள். 2001இல் அதே மரபணு மனிதர்களிடம் கெட்டுப்போனால் ஐபெக்ஸ் என்ற அரிய நோய் ஆண் குழந்தைகளுக்கு வருகிறது என்றும் தெரிந்தது. பிறந்த சில காலத்திலேயே குடல், தோல், கணையம் எல்லாம் தாக்கப்படும் கொடுமையான நோய். 2003இல் சகாகுச்சியின் குழுவும் வேறு இரண்டு குழுக்களும் இரண்டு கதையையும் ஒன்றாகச் சேர்த்தன. சி.டி.25 செல்லை அமைதிக்காரச் செல்லாக ஆக்குவதே இந்த ஃபாக்ஸ்பி3தான். அதன் பிறகு சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஒழுங்குபடுத்தும் டி செல் என்று இப்போது பாடநூல்களில் வந்துவிட்டது.

நோபல் அறிவித்த அன்று ராம்ஸ்டெல் தொலைபேசியை அணைத்துப்போட்டு மலையில் நடந்துகொண்டிருந்தாராம். மனைவி திடீரென்று கத்தியதும் கரடி வந்துவிட்டதோ என்று பயந்தாராம். பிரன்கோவோ ஸ்வீடன் எண்ணிலிருந்து வந்த அழைப்பைத் தொல்லை அழைப்பு என்று நினைத்து எடுக்கவில்லை. அக்கா இந்தக் கதையை மட்டும் எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நோபல் பேச்சில் அதிகம் வராத ஒரு எலி இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அதுதான் நெருக்கமான எலி. எஸ்.கே.ஜி. என்று பெயர். சகாகுச்சி குழுவின் எலிக் கூட்டத்தில் சில எலிகளுக்குத் தானாகவே கால் விரல்கள் வீங்கின, பிறகு மணிக்கட்டு, கணுக்கால். மூட்டுச் சவ்வு தடித்து எலும்பை அரித்தது. ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர் கூட இருந்தது. நம் ஊர் லேபில் ஆர்.ஏ. ஃபேக்டர் என்று எழுதித் தருகிறார்களே, அதேதான். 2003இல் வந்த அந்தக் கட்டுரையின் முதல் பெயர் நொரிக்கோ சகாகுச்சி.

காரணம் ஒரே ஒரு எழுத்துப் பிழை. டி செல்லுக்குள் கொக்கி மாட்டியதும் உள்ளே சேதி சொல்கிற ஸாப்-70 என்ற புரதம் இருக்கிறது, அதில் ஒரு இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிவிட்டது. அதனால் சேதி பலவீனமாகப் போகிறது. பலவீனமாகப் போனால் நல்லதுதானே, தாக்குதல் குறையுமே என்று தோன்றும். ஆனால் தைமஸில் நடக்கும் சோதனையும் இந்தச் சேதியை வைத்துத்தான் நடக்கிறது. சொந்தத் திசுவில் பலமாக மாட்டுகிற செல்லும், சேதி மெல்லியதாக இருப்பதால் அபாயமில்லாதது போலத் தெரிந்து தேறி வெளியே வந்துவிடுகிறது.

அடுத்ததுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. அந்த எலியை மிகச் சுத்தமான, கிருமி அண்டாத கூண்டில் வளர்த்தால் மூட்டுநோய் வருவதில்லை. அதே எலி, அதே மரபணுப் பிழை. சாதாரணச் சூழலில் வைத்தால் வருகிறது. பூஞ்சையின் சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைப் பொருளை ஒரு முறை செலுத்தினால் சுத்தமான கூண்டிலும் வந்துவிடுகிறது. பிழை உள்ளே பிறப்பிலிருந்தே கிடக்கிறது, அதை எழுப்பிவிட வெளியிலிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

அக்காவுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது, நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருஷமாக ஊரார் சொன்னதையெல்லாம் அவள் மனதில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளை பெற்றபோது பச்சைத் தண்ணீரில் கை வைத்தாய், ராத்திரியில் தயிர் சாப்பிட்டாய், மெஷினை அப்படி மிதித்தாய் என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். "அப்ப நான் செஞ்ச எதுனாலயும் இல்லைதானே?" என்று கேட்டாள். எலிக்கு நடந்தது அப்படியே உனக்கும் நடந்தது என்று சொல்ல முடியாது, மனிதர்களிடம் ஒரு மரபணு இல்லை, பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வகிக்கின்றன, புகைபிடிப்பது போன்ற வெளிக்காரணமும் உண்டு என்றேன். ஆனால் தயிரும் மெஷினும் இல்லை என்று மட்டும் அடித்துச் சொன்னேன்.

சரி, இந்தச் செல்லை எடுத்து அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டால் என்ன? அவளும் அதைத்தான் கேட்டாள். நினைக்கிற அளவுக்கு நேரான விஷயம் இல்லை. முடக்குவாதக்காரர்களின் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால் அதில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குறைவாக இல்லை, ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகக் கூட இருக்கின்றன. வந்து நிற்கின்றன, ஆனால் அடக்க முடியவில்லை. அங்கே டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்கள் ஆறாக ஓடுகின்றன. அந்த இரைச்சலில் இவை வலுவிழக்கின்றன, தாக்குகிற செல்களும் சொல் பேச்சுக் கேட்பதில்லை. எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது என்று அதிலிருந்து எனக்குப் புரிந்தது.

இரண்டு வழியில் முயற்சி நடக்கிறது. ஒன்று, இன்டர்லூகின் 2 என்ற பொருளை மிகக் குறைந்த அளவில் கொடுப்பது. சி.டி.25 என்பதே அந்தப் பொருளைப் பிடிக்கும் கொக்கியின் ஒரு பகுதி. அதனால் கொஞ்சமாகக் கொடுத்தால் இந்தச் செல்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டு பெருகும், அளவு கூடினால் தாக்குகிற செல்களும் சேர்ந்து பெருகிவிடும். இன்னொன்று, நோயாளியின் சொந்த ஒழுங்குபடுத்தும் செல்லை எடுத்து, மூட்டில் இருக்கும் பொருளைத் தேடிப் போய்ப் பிடிக்கிற கொக்கியை அதற்குப் பொருத்தித் திருப்பிச் செலுத்துவது. ராம்ஸ்டெல் கூட்டாகத் தொடங்கிய சொனோமா என்ற நிறுவனம் முடக்குவாதக்காரர்களிடம் இதன் முதற்கட்டச் சோதனையைத் தொடங்கியிருக்கிறது. புற்றுநோயில் கதை நேர் எதிர். அங்கே கட்டி இந்தச் செல்களைத் தன்னைச் சுற்றி வரவழைத்து ஒளிந்துகொள்கிறது, அதனால் இவற்றை விலக்குவதற்கு வழி தேடுகிறார்கள்.

அக்கா இப்போது வாரம் ஒரு நாள், ஞாயிறு இரவு, மெத்தோட்ரெக்சேட் போடுகிறாள். மறுநாள் முழுக்க வாய் கசக்கும், சோறு இறங்காது. ஈரலைப் பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அந்த மருந்துதான் அவள் விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அது மொத்தப் படையையும் சேர்த்து அடக்குகிற மருந்து, சளி பிடித்தால் கூட எங்களுக்குப் பயம். அடக்கத் தெரிந்த அணுவுக்கே பலம் கொடுக்கலாம் என்ற எண்ணம் அவள் ஆயுளில் மருந்தாக வந்துவிட வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

போன வாரம் 1995 கட்டுரையின் சுருக்கத்தை அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் ஜாக்கெட்டை வைத்துக் கொக்கி தைத்துக்கொண்டே கேட்டாள், மெதுவாகத்தான் தைக்கிறாள், ஆனால் தைக்கிறாள். செல்லைத் திருப்பிச் செலுத்தினால் எலிக்கு நோய் வரவில்லை என்றேன்.

"எப்ப குடுத்தாலும் சரியாயிடுமா?"

இல்லை, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் கொடுத்தால்தான் என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவள் தையலை நிறுத்தினாள். அந்த எட்டு மாதத்தைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, நானும் அதையே நினைத்தேன், இருவரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூட்டுவலி எலியைப் பத்தி எழுதின அம்மா பேரு என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

நொரிக்கோ என்றேன். பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஊசியை என்னிடம் நீட்டி நூல் கோர்க்கச் சொன்னாள்.